பாவுக் கஞ்சியில் முதல் கரண்டி

“நானா ஊத்திக் குடுத்தேன்? திருட்டுத்தனமா மொண்டு குடிச்ச வாயி வாந்தி எடுக்காம என்ன பண்ணும்?”

“அஞ்சு வயசுப் புள்ளைங்க அது! அதுக்குத் திருட்டுன்னா என்னன்னு—”

“—பாவு மேல எடுத்திருக்குது பாரு, பாவு மேல! நாலு முழம் போச்சு. நூல் கெடைக்கிற காலமா இது? எங்கியோ சண்டை நடக்குதுன்னு இங்க ஒரு கட்டு நூலுக்கு நான் சேலத்துல போயி எத்தனை பேரு காலை—”

“—நூலைப் பேசாதீங்க மொதலாளி. கல்லைப் பேசுங்க. போடச் சொன்னது நீங்க. போட்டது நான்.”

“மெதுவாப் பேசு முத்தாயி! தெருவே கேக்குது.”

“கேக்கட்டுமே!”

கேட்கட்டும் என்று சொல்லிவிட்டாளே தவிர, முத்தாயம்மாளின் குரல் தானாகவே இறங்கிவிட்டது. அது இறங்கியதை அவளே கேட்டாள். சண்முகவேல் முதலாளியும் கேட்டார். கேட்டதும் வாயிலிருந்த வெற்றிலைச் சாற்றைப் பக்கத்துப் புளியமரத்தின் தூரில் துப்பிவிட்டு, மேல்துண்டால் உதட்டைத் துடைத்துக்கொண்டார். பேச்சு தன் பக்கம் திரும்பிவிட்ட நிம்மதி அந்தத் துடைப்பில் இருந்தது.

ராசிபுரத்துப் பாவடியில் வெயில் இன்னும் ஏறவில்லை. இரண்டு வரிசைப் புளியமரங்களுக்கு நடுவே முதலாளியின் பாவு, தறிக்குப் போகும் நீளநூல், மூங்கில் கால்களின் மேல் இழுத்துக் கட்டப்பட்டுக் கிடந்தது. தறியில் ஏறுவதற்கு முன்னால் நூலுக்கு ராகிக் கஞ்சி ஏற்றி, பெரிய தூரிகையால் இழை இழையாகத் தேய்த்துக் காயவைக்கிற வேலை. ஆறு ஆண்கள் தூரிகையும் கையுமாக நின்றிருந்தார்கள். பாவின் தலைமாட்டில், ஈரமண்ணில், சௌந்திரம் சுருண்டு கிடந்தாள். வாயோரத்தில் வடிந்தது பச்சையா நீலமா என்று சொல்ல முடியாத ஒரு நிறம். ஈ மொய்த்தது. அவளுடைய அக்கா பொன்னாயி, பத்து வயசு, பாவாடை நுனியால் ஈயை ஓட்டிக்கொண்டிருந்தாள். அழவில்லை. யாரையும் ஏறிட்டும் பார்க்கவில்லை.

போன ஐப்பசி வரைக்கும் அந்தப் பாவில் நின்றவன்தான் இந்தப் பிள்ளைகளின் அப்பன் சரவணமுத்து. நெஞ்சுச்சளி முற்றி, இருமி இருமி, தறிக்குழியில் கால் வைத்தபடியே சாய்ந்தான். முத்தாயம்மாளின் கொழுந்தன் முறை. அவன் இருந்தவரைக்கும் சௌந்திரத்துக்கும் பொன்னாயிக்கும் பாவடியில் ஓர் உரிமை இருந்தது. கஞ்சி காய்ச்சி இறக்கியதும், எண்ணெய் ஊற்றுவதற்கு முன்னால், முதல் கரண்டி பிள்ளைகளுக்கு. அது பாவடியில் வெகுநாளாக உள்ள வழக்கம். பாவில் நிற்கிற ஆளுடைய பிள்ளைகள் கொட்டாங்குச்சியை ஏந்திக்கொண்டு வரிசையில் நிற்கும். முத்தாயம்மாள் ஆளுக்கு ஒரு கரண்டி ஊற்றுவாள். பிறகுதான் நூலுக்கு.

சரவணமுத்துவின் காரியம் முடிந்த மறுநாள் அந்த இரண்டு பிள்ளைகளும் வழக்கம்போல வந்து வரிசையில் நின்றன. முதலாளியின் பெண்சாதி ஜானகியம்மாள்தான் அன்றைக்குப் பார்த்தாள்.

“ஏஞ்சாமி, உங்கொப்பன் பாவுல நிக்கறானா?”

“இல்லீங்க.”

“அப்பறம்? நிக்கிற ஆளோட புள்ளைக்குத்தானே கரண்டி? நாளைக்கு ஊருல இருக்கிற தாயில்லாதது தகப்பனில்லாதது அத்தனையும் கொட்டாங்குச்சியத் தூக்கிட்டு வந்தா நூலுக்கு எதைத் தடவறது?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வரிசையில் நின்ற மற்றப் பிள்ளைகளும் சிரித்தன. சின்னது ஒன்றும் புரியாமல் அவர்களோடு சேர்ந்து சிரித்ததுதான் முத்தாயம்மாளுக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

பிள்ளைகளின் தாய் ராஜம்மாள் விடிவதற்குள் புதுச்சத்திரம் பக்கம் கடலைக்காய் பறிக்கப் போனால் பொழுதோடுதான் திரும்புவாள். அதுவரைக்கும் அந்த வீட்டில் அடுப்பு இல்லை. முத்தாயம்மாள் யாருக்கும் தெரியாமல் கஞ்சிக் கொட்டகையின் பின்பக்கம் ஒரு சட்டியில் இரண்டு கரண்டி ஊற்றி மூடி வைப்பாள். பிள்ளைகள் வேலிச்சந்தில் வந்து குடித்துவிட்டு, சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகும். மூன்று மாதம் அப்படி நடந்தது. ஏதோ பெரிய தருமம் செய்கிறோம் என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பூரிப்புக்கூட இருந்தது. இப்போது அந்தப் பூரிப்பை நினைத்தால் கூசியது.

நேற்றுக் காலையில் கஞ்சி காய்ச்சி இறக்கியதும் மழை பிடித்துக்கொண்டது. பாவு போட முடியவில்லை. “நாளைக்கு ஆகட்டும், மூடி வை” என்று சொல்லிவிட்டு உள்ளே போன முதலாளி, பொட்டலம் ஒன்றோடு திரும்பி வந்தார். பிரித்தால் மயில்துத்தம். ஆட்டுக் குளம்புப் புண்ணுக்குக் கரைத்து ஊற்றுகிற நீலக்கல்.

“இதைப் போட்டு வெச்சா கஞ்சி பூசணம் புடிக்காது.”

“ஒரு ராத்திரியில என்னங்க பூசணம்?”

“சொன்னதைச் செய். கொட்டைப்பாக்கு அளவு. இன்னும் கொஞ்சம் எச்சாவே போடு.” பிறகு, போகிற போக்கில், கொட்டகையின் பின்பக்கத்தைப் பார்த்தபடி, “பூனை ரெண்டு வருதாமா, பொறத்தால. ஒருக்கா வாயி வெந்துதுன்னா அப்பறம் வராது.”

அவருக்குத் தெரிந்திருக்கிறது என்பது முத்தாயம்மாளுக்கு அந்த நொடியே விளங்கியது. விளங்கியும் கல்லைப் பொடித்தாள். கையால்தான் பொடித்தாள். வீட்டில் கண் மங்கித் தறியை விட்டு எழுந்த புருசன் இருக்கிறான். இந்த அடுப்படி வேலை போனால் இருவருக்கும் வேறு வழி கிடையாது. அன்றைக்கு அந்தச் சட்டியில் அவள் ஊற்றி வைக்கவில்லை. அதோடு தன் பங்கு முடிந்தது என்று நினைத்துக்கொண்டாள். காலையில் பிள்ளைகள் சட்டி காலியாக இருப்பதைப் பார்த்து அண்டாவையே திறந்தாலும், வாயில் வைத்ததும் துப்பிவிடும், அவ்வளவு கசப்பு, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படுத்தாள். நன்றாகவே தூங்கினாள்.

“துப்புலியா கண்ணு?” என்று இப்போது பொன்னாயியின் பக்கத்தில் குந்திக் கேட்டாள். “வாயில வெச்சதும் துப்புலியா அவ?”

“துப்புனா பெரியம்மா. நாக்குல சுருக்குனுது.”

“அப்பறம் ஏஞ்சாமி?”

“நான் உப்புப் போட்டுக் குடுத்தேன். அப்பறம் குடிச்சா.”

முத்தாயம்மாள் எழுந்து இரண்டடி தள்ளிப் போய் நின்றாள். கசப்பைக் கண்டு குடிக்காமல் விட்டுவிடும் என்று கணக்குப் போட்டவள் அவள். உப்புப் போட்டுக்கொள்ளும் என்று அவள் மூளைக்கு எட்டவேயில்லை. வெறும் வயிற்றோடு எத்தனை நாள் படுத்திருந்தால் அப்படி ஒரு யோசனை வரும்!

ஜானகியம்மாள் வாசலிலிருந்து மூக்கைச் சேலைத்தலைப்பால் பொத்திக்கொண்டு வந்தாள்.

“ஏனுங்க, இதை இங்கியே போட்டு வெச்சிருக்கிறீங்க? வெள்ளிக்கிழமையும் அதுவுமா! வாந்திபேதியாட்டந் தெரியுது. நம்மூட்டுப் புள்ளைங்க இந்தப் பக்கந்தான் வெளையாடுது.”

வாந்திபேதி. அந்தச் சொல் விழுந்ததும் முதலாளியின் முகம் தெளிந்ததை முத்தாயம்மாள் பார்த்தாள். யாரோ அவருக்குப் பல்லக்குக் கொண்டுவந்து நிறுத்தியதுபோல் இருந்தது.

“அதான்! வாந்திபேதிதான். கெங்கவல்லிப் பக்கம் வந்திருக்குதுன்னு போன வாரமே சொன்னாங்க. ஏய், எல்லாரும் தள்ளி நில்லுங்க. பாவைச் சுருட்டுங்க.”

தூரிகைக்காரர்கள் ஆறு பேரும் தள்ளி நின்றார்கள். கஞ்சியின் நிறம் அவர்கள் கையெல்லாம் அப்பியிருந்தது. பச்சை பூத்த கஞ்சி. வாந்தியின் நிறமும் அதே நிறம். ஆறு பேருக்கும் கண் இருந்தது. ஒருவன் தூரிகையைக் கழுவப் போனான். இன்னொருவன் காலில் முள் ஏறியதுபோலக் குனிந்துகொண்டான்.

“வாந்திபேதின்னா கொட்டாய்க்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்களே!” என்றாள் முத்தாயம்மாள். ஊருக்கு வெளியே சுடுகாட்டு வழியில் ஓலைக்கொட்டாய் ஒன்று இருந்தது. வாந்திபேதி கண்டவர்களை அங்கே கிடத்துவார்கள். அங்கே போன குழந்தை ஒன்று திரும்பியதாக அவளுக்கு ஞாபகமில்லை. “அங்க போனா இவளுக்கு மாத்து மருந்து ஆருங்க குடுப்பாங்க? குடிச்சது என்னன்னே தெரியாதே அவியளுக்கு?”

“சாமி விட்ட வழி.”

“சாமியா கல்லுப் போட்டுச்சு?”

“முத்தாயி.” முதலாளி கிட்டே வந்தார். வெற்றிலை நாற்றம் அவள் முகத்தில் அடித்தது. “நல்லா நெனைச்சுப் பேசு. எந்தக் கை போட்டுச்சுன்னு கேட்டா நீ எந்தக் கையைக் காட்டுவே?”

அவள் தன் வலது கையைப் பார்த்தாள். சாம்பல் போட்டு மூன்று முறை கழுவியும் நகக்கண்ணில் நீலம் போகாமல் நின்றது.

அதற்குள் தெருமுனையில் சைக்கிள் மணி. தூரிகைக்காரன் சின்னான், யாரும் சொல்லாமலேயே ஓடிப் போய், ஊர் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். முதலாளி அவனைப் பார்த்த பார்வையில், நாளையிலிருந்து ஆறு தூரிகை ஐந்தாகிவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

“வாங்க கம்பவுண்டர், வாங்க. வெயில்ல வந்திருக்கிறீங்க. ஜானகி, மோரு கொண்டா! ஒண்ணுமில்லீங்க, இந்தத் தகப்பனில்லாத புள்ளைக்கு வாந்திபேதி கண்டிருக்குது. பாவம், கண்ட எடத்துல கண்டதைப் பொறுக்கித் திங்கும்.”

கம்பவுண்டர் குனிந்து பார்த்தார். தொடவில்லை. “எத்தனை தடவை பேதியாச்சு?”

“கணக்கில்லீங்க!” என்றார் முதலாளி.

“ஒரு தடவைகூட ஆகலீங்க” என்றாள் பொன்னாயி.

“பெரியவங்க பேசறப்போ என்ன வாயி உனக்கு?” என்று ஜானகியம்மாள் அதட்டினாள்.

கம்பவுண்டர் நிமிர்ந்து முதலாளியையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மோர்ச் செம்பை வாங்கிக் குடித்தார். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். சௌந்திரம் இன்னொரு முறை ஓங்கரித்தாள்; வெறும் நுரைதான் வந்தது, ஓரத்தில் ரத்தக் கீற்று ஒன்றோடு.

“வாந்திபேதின்னா நான் சுகாதாரத்துக்குச் சொல்லி அனுப்பணும். கொட்டாய்க்குத்தான். ஊட்டைப் பூட்டிடுவாங்க, தாய்க்காரியும் வெளியில வேலைக்குப் போக முடியாது.”

“ஊரு நல்லா இருக்கணுமில்லீங்களா, அனுப்புங்க” என்றார் முதலாளி.

முத்தாயம்மாளுக்குத் தன் குரல் எங்கேயோ கிணற்றடியிலிருந்து வருவதுபோல் கேட்டது.

“துத்தமுங்க.”

“என்ன?”

“மயில்துத்தம். பாவுக் கஞ்சியில கெடந்துது. அதைக் குடிச்சிருச்சு. வாந்திபேதியும் இல்ல, ஒண்ணும் இல்ல. போட்டது நான்.” கையை நீட்டிக் காட்டினாள். “பாருங்க, நகத்துல இருக்குது.”

போடச் சொன்னவர் யார் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். சண்முகவேல் முதலாளி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் வாயை மூடிக்கொண்டாள். பாதி உண்மைதான் அவளால் துப்ப முடிந்தது; மீதியை விழுங்கிக்கொண்டாள்.

கம்பவுண்டர் அப்போதுதான் பிள்ளையைத் தொட்டார். “அதை மொதல்லியே சொல்றதில்லியா? முட்டை வேணும், பச்சை முட்டை. வெள்ளைக்கரு மட்டும். பாலும் வேணும். சீக்கிரம்!”

பாவடியில் ஏழெட்டுப் பெண்கள் கூடியிருந்தார்கள். பாதிப் பேர் வீட்டில் கோழி உண்டு. ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாள். அந்த இன்னொருத்தி ஜானகியம்மாளைப் பார்த்தாள்.

“வெள்ளிக்கிழமை நான் ஊட்டை விட்டு ஒரு சாமானும் வெளியில குடுக்கறதில்லீங்களே” என்றாள் ஜானகியம்மாள், கம்பவுண்டரிடம், மிகப் பணிவாக.

முத்தாயம்மாள் அவளைத் தாண்டி வீட்டுக்குள் நுழைந்தாள். பின்கட்டில் அடைகாத்துக்கொண்டிருந்த கோழியைத் தள்ளிவிட்டு நாலு முட்டையை மடியில் போட்டுக்கொண்டு வந்தாள். கோழி கொத்திய இடத்தில் ரத்தம் வந்தது. “அடக் கொள்ளையே, அடையில இருக்கிறதை எடுத்துட்டு வாராளே!” என்று ஜானகியம்மாள் கத்தியது தெருக்கோடி வரைக்கும் கேட்டது. பிள்ளை கக்கியபோது ஜானகியம்மாளின் தொண்டை இப்படித் திறக்கவில்லை. பாலைச் சின்னான் எங்கிருந்தோ கொண்டுவந்தான்.

நாலில் இரண்டு முட்டை கருப்பிடித்து நாறியது. மற்ற இரண்டின் வெள்ளையைப் பாலில் அடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்கள். பிள்ளை கக்கினாள், மறுபடியும் ஊற்றினார்கள். உச்சிப்பொழுதுக்குப் பிறகு ஓங்கரிப்பு நின்று, சௌந்திரம் கண்ணைத் திறந்து, “அக்கா, தண்ணி” என்றாள்.

“பொழைச்சுக்கும்” என்றார் கம்பவுண்டர். கையைக் கழுவிக்கொண்டு பையிலிருந்து நோட்டை எடுத்தார். எடுத்த கையில் முதலாளி ஒரு ஜோடி புதுத்துண்டை வைத்தார்.

“நம்ம தறியில ஓடுனதுங்க. ஊட்டுக்கு எடுத்துட்டுப் போங்க.”

கம்பவுண்டர் துண்டின் கரையை விரலால் தடவிப் பார்த்தார். “நல்ல நயம்” என்றார். பிறகு நோட்டில் எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார்: “ஒவ்வாத உணவு உண்டதால் வாந்தி.” மூடினார். மடித்த துண்டைப் பைக்குள் வைக்கும்போது முத்தாயம்மாளைப் பார்த்து, “இனிமே பாத்து வேலை செய்யம்மா. கொழந்தைங்க இருக்கிற எடம்” என்று புத்தியும் சொன்னார். சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது.

ராஜம்மாளுக்கு யாரோ ஆள் அனுப்பியிருந்தார்கள். மடியில் பறித்த கடலைக்காயோடு, காலெல்லாம் செம்மண்ணாக ஓடி வந்தாள். சௌந்திரத்தைத் தூக்கினாள், முகர்ந்து பார்த்தாள், நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். பிள்ளையைக் கீழே விட்டாள். அடுத்து அவள் முதலாளியிடம்தான் போவாள், அந்த ஆளின் முகத்தில் மண்ணை வாரி அடிப்பாள் என்று முத்தாயம்மாள் காத்திருந்தாள். அப்படிச் செய்தால் தானும் கூடப் போய் நின்று மிச்சத்தைச் சொல்லிவிடுவது என்று மனசைக் கட்டிக்கொண்டாள்.

ராஜம்மாள் பொன்னாயியின் தலைமயிரைப் பிடித்தாள்.

“திருடுவியா? திருடுவியா? உங்கொப்பன் செத்தான்னா மானமும் செத்துப்போச்சா? ஆரு பாவுல ஆரு கஞ்சிடீ அது? இவளுக்குக் குடுத்தியே, அறிவிருக்குதா உனக்கு?”

கன்னத்தில், முதுகில், காலில். பொன்னாயி தடுக்கவில்லை. அடி விழ விழ, ராஜம்மாளின் கண் அடித்த இடத்தில் இல்லை. முதலாளியின் முகத்தில் இருந்தது. போதுமா, இன்னும் வேணுமா என்று கேட்கிற பார்வை. முத்தாயம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“விடு, விடு. சின்னப்புள்ளை, தெரியாமச் செஞ்சிருச்சு” என்றார் சண்முகவேல் முதலாளி.

“தப்புத்தானுங்க மொதலாளி. பாவைக் கெடுத்துப்போட்டாளுங்க. மனசுல வெச்சுக்காதீங்க. உங்களை நம்பித்தானுங்க இந்தத் தெருவுல கெடக்கறோம்.”

“நான் மனசுல வெக்கற ஆளா? சரவணமுத்து என்ற கூடப் பொறந்தவனாட்டம் இருந்தவன்.” கூட்டத்துக்கும் கேட்கிறபடி குரலைத் தூக்கினார். “ரெண்டு படி ராகி எடுத்துட்டுப் போ. பெரியவளை நாளையில இருந்து நம்மூட்டுக்கு அனுப்பு, தார்க்குச்சியில நூல் சுத்தட்டும். ஒருவேளைச் சோறு திங்கட்டும். தகப்பனில்லாததை நாமதானே பாக்கோணும்?”

கூடியிருந்த பெண்கள், “மகராசன்” என்றார்கள். ஒருத்தி கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள். காலையில் கோழிமுட்டைக்கு வாய் திறக்காதவள்தான் அவள். ராஜம்மாள் குனிந்து அவர் நின்ற மண்ணைத் தொட்டுக் கும்பிட்டாள்.

கூட்டம் கலைந்தது. பாவில் வாந்தி பட்ட நாலு முழத்தையும் தண்ணீரால் அலசிக் காயவைத்திருந்தார்கள். அலசியதும் பளிச்சென்றாகிவிட்டது. அந்த நூல் ஒன்றும் கெடவில்லை; யாராவது ஒரு மணமகன் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு மணையில் உட்காருவான்.

முத்தாயம்மாள் அண்டாவைக் கவிழ்த்து மிச்சக் கஞ்சியைக் குழி தோண்டி ஊற்றினாள். தன்னை இனி வரவேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்று எதிர்பார்த்திருந்தாள். சொன்னால் நல்லது என்றுகூட இருந்தது. சொல்லியிருந்தால், அந்த வேகத்திலாவது தெருவில் நின்று எல்லாவற்றையும் கத்தியிருப்பாள்.

முதலாளி கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

“நாளைக்கு வெள்ளனே வந்துடு முத்தாயி. பாவு பாதியில நிக்குது. வானம் வேற மூடுது. காச்சுன கஞ்சி நின்னு போனாலும் போகும். பொட்டலத்துல இன்னும் கல்லு இருக்குது, எடுத்து வெச்சிரு.”

அவள் மண்டையை ஆட்டினாள். ஆட்டாமல் இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தாள். அது தானாக ஆடியது, காலையில் குரல் தானாக இறங்கியதுபோல. அவர் போய்விட்டார். அவள் கையைச் சாம்பலில் புதைத்துப் பரபரவென்று தேய்த்தாள். தோல் எரிந்தது, நீலம் மட்டும் போகவில்லை.

வேலிச்சந்தில் ஏதோ அசைந்தது. பொன்னாயி. கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. கொட்டகைக்குப் பின்னால் கிடந்த அந்தச் சட்டியைக் கழுவி, துடைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். உதட்டின் ஓரத்தில், யாரும் காலையிலிருந்து உற்றுப் பார்க்காத இடத்தில், மெல்லிய பச்சைக்கறை காய்ந்திருந்தது. சட்டியை எப்போதும்போலக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“பெரியம்மா, நாளைக்குப் போடறப்போ கொஞ்சம் கம்மியாப் போடுங்க. தங்கச்சிக்குத்தான் ஆவல, எனக்கு வவுறு மட்டுந்தான் வலிச்சுது.”